வாசலில் விட்ட வெள்ளை

விருத்தாசலம்,
ஞாயிறு மாலை.

அன்பு நீலாவதிக்கு,

நீயும் அறிவழகனும் குஜராத்தில், மோர்பியில் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உன் ஊர் கம்மாபுரம் என்றாலே போனை வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கலாம். படித்துவிட்டுக் கிழி.

நான் அதே பொம்மைக் கம்பெனியில்தான் இருக்கிறேன். நாம் செராமிக் படித்த படிப்புக்கு நீ அங்கே டைல்ஸ் சூளையில் வேகிறாய், நான் இங்கே பிள்ளையாருக்குக் கண் வைக்கிறேன். சாயங்காலம் விரல் மடங்குவதில்லை. ஒரு பிள்ளையாருக்காவது பார்வை அமையட்டும் என்று நிதானித்தால் சூப்பர்வைசர், "ரெண்டு புள்ளி வெய்யிம்மா, மிச்சத்த சாமி பாத்துக்கும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்காக வரைகிறேன். மையில் கோடு, காய்ந்தபின் வாட்டர்கலர்.

ஊரில் உங்கள் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறது. சுவரில் சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டார்கள். பொங்கல் கழிந்து காலி செய்ய வேண்டுமாம். ஊருக்கே கரண்ட் கொடுக்க ஒரு ஊரைத் தோண்டுவார்கள், தோண்டப்படுகிறவனுக்கு ஒரு நம்பர். பார்க்கும்போதெல்லாம் எரிகிறது.

உன் அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டார். "போட்டோ போனோட போயிடும்டி. புது வூட்டுச் செவுத்துல மாட்டணும், இந்த வூட்ட வரைஞ்சி குடு" என்றார். இன்று காலை போய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன்.

நம்பரையும் மையில் எழுதியதைப் பார்த்து உன் அப்பா, "அத வுட்டுடு பாப்பா, அசிங்கமா இருக்குது" என்றார். இருப்பதைத்தான் வரைவேன் என்றேன். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "அப்ப வாசல்ல நீலா நிக்கிற மாதிரி ஒண்ணு போட்டுடு" என்றார்.

இல்லாத ஆளை வரையமாட்டேன் என்றேன். வாய் அத்தோடு நிற்கவில்லை. "காலனிப் பையனக் கட்டிக்கிட்டான்னு வெரட்டுனது நீங்கதான? அவள நிக்க வெச்சிட்டுச் சொல்லுங்க, வரையறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "இத்தினி வருசமா நான் கேக்க வேண்டியத நீயாவது கேட்டியேடி" என்றார். உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

படம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர், எப்போதும் வாசலை அடைத்து நிற்குமே அவர் பைக், அதைத் தள்ளிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் விட்டார். "வாசல மறைக்குது" என்றார். என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"எடம் வுட்டு வரை. ரெண்டு ஆளு நிக்கிற அளவு வுடு."

ரெண்டு ஆளு என்றுதான் சொன்னார். நான் திரும்பக் கேட்கவில்லை.

அவரை மன்னித்துவிடு என்று எழுத நான் யார்? வீடு போகிறதென்றதும் வந்த மனசு இது. சுவரில் அந்த நம்பர் இல்லாவிட்டால் வாசலில் இடம் விடச் சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியாது, எனக்குச் சந்தேகம்தான். அறிவழகனிடமும் மறைக்காமல் சொல். அவன் வரமாட்டேன் என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது.

படம் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஓடு, வேப்பமரம், நம்பர் எல்லாம் முடிந்தது. வாசலின் உள்ளிருட்டையும் பூசிவிட்டேன், நடுவில் இரண்டு ஆள் அளவுக்குத் தாளை அப்படியே விட்டு. வாட்டர்கலரில் வெள்ளையை அப்புறம் கொண்டுவர முடியாது, நீலா. முதலிலேயே விட்டால்தான் உண்டு. விட்டிருக்கிறேன்.

நீங்கள் வராவிட்டாலும் அதன்மேல் எதையும் பூசமாட்டேன். வெள்ளையாகவே புது வீட்டுச் சுவருக்குப் போகட்டும், தினமும் அவர் பார்க்கட்டும்.

ஆனாலும் வாங்க. ரெண்டு பேரும் வாங்க. வாசல் இருக்கும்போதே வந்து நில்லுங்கள்.

உன்,
கவிப்ரியா