கடை லீவு முகூர்த்தம்

அக்டோபர் 2

காந்தி புண்ணியத்தில் இன்று என் புருஷன் வீட்டில் இருக்கிறார். டாஸ்மாக் கடையில் பாட்டில் எடுத்துக் கொடுப்பவருக்கு, அரசாங்கம் கடையை மூடும் நாள்தான் லீவு. மகள் ஐஸ்வர்யாவுக்குக் காது குத்தியது மே தினம். மணிமங்கலத்தில் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியது குடியரசு தினம். வருஷமெல்லாம் விற்று வரி வாங்கிவிட்டு, இப்படி ஏழெட்டு நாள் மட்டும் அரசாங்கம் நல்ல பிள்ளையாகிவிடும்.

அதனால் பெண் பார்க்கவும் இன்றைக்கே வரச் சொன்னோம். பையன் நிலவன், ஐஸ்வர்யா கம்பெனிதான், ஒரே அசெம்பிளி லைன், இரண்டு வருஷப் பழக்கம். அப்பா பரசுராமன், அம்மா மரகதம். குன்றத்தூர்க்காரர்கள். பையனின் அப்பா படியேறியதும் என் புருஷன் தலை குனிந்தது. கேசரி காலியாகும்வரை நிமிரவில்லை. ஒரு வணக்கம்கூட இல்லை!

அக்டோபர் 3

கேட்டால் பழைய பாட்டுதான். "கவுன்டர்ல பாத்த மூஞ்சிய வெளியில பாக்கக்கூடாது லீலா."

அப்படியானால் அந்த மனுஷன் உங்கள் கடைக்கு வருகிறாரா? கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். ரகசியம் காக்க இவர் என்ன ராணுவத்திலா இருக்கிறார்?

அக்டோபர் 9

மரகதம் போன் செய்தார். மரியாதை தெரியாத வீட்டில் சம்பந்தம் வேண்டாமாம். ஐஸ்வர்யா சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனாள். இந்த மனுஷன் ஒரு கும்பிடு போட்டிருந்தா இன்னா கொறைஞ்சிருக்கும்?

அக்டோபர் 12

பரசுராமன் தனியாக வந்தார். இவர் கடைக்குப் போயிருந்தார்.

"அவரு மேல தப்பு இல்லம்மா. தெனம் சாயங்காலம் அவரு கையாலதான் வாங்கறேன். என் மானத்தக் காப்பாத்தத்தான் குனிஞ்சிகினு இருந்தாரு. வூட்ல சொல்லிட்டேன். அவங்களுக்கும் இப்ப சம்மதம்தான்."

எழுந்தவர் வாசலில் நின்றார். "கல்யாணத்தக் கடை லீவு நாளாப் பாத்து வெய்ங்க. புள்ள கல்யாணத்துலயாவது நான் நிதானமா நிக்கணும்."

எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்யும் நான், காலண்டரை எடுத்துக் கடை லீவு நாட்களைத் தேடினேன். அவர் குடிப்பது ஐஸ்வர்யாவுக்கு முன்பே தெரியுமாம். நிலவன் குடியைத் தொட்டதே இல்லை, அவனே சொன்னான் என்கிறாள்.

ஜனவரி 31, மண்டபம்

நாளை தைப்பூசம், வள்ளலார் நாள், கடை லீவு, கல்யாணம். நான்கும் ஒன்றாக அமைந்தது. பெண்ணின் அப்பா மட்டும் இன்றும் கவுன்டரில்! லீவுக்கு முந்தின நாள் என்றால் கூட்டம் தள்ளுமாம். நாளைக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வார்களாம். எனக்கு அதுதான் பயம். சம்பந்தியும் சேர்த்து வாங்கிவிட்டால் கடை மூடி என்ன பிரயோஜனம்? மாலையிலிருந்து அவரை மண்டபத்தில் காணோம்.

பிப்ரவரி 1

நேற்று ராத்திரி கடை மூடி வந்ததும், இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாக இவர் ஒரு கடை ரகசியம் சொன்னார். "அவரு வரல." சம்பந்தி மாலையெல்லாம் குன்றத்தூர் மலைக்கோயிலில் உட்கார்ந்திருந்தாராம், நிலவன் சொன்னான்.

காலையில் பரசுராமன் வாசலில் பன்னீர் தெளித்தார். கை நடுங்கி, பாதி அவர் வேட்டியில்தான் விழுந்தது. இவர் நேரே போய், முகத்தைப் பார்த்து, "வணக்கம் சம்பந்தி" என்றார். பரசுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

நாளை பகல் பன்னிரண்டுக்குக் கடை திறக்கும். சம்பந்தி அங்கே வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அங்கயும் நிமிந்துதான் பாப்பேன்."