பட்டறை முதலாளி சிரித்தபோது

மார்ச் 12, புதன்

இன்று மைசூர் கோர்ட்டில் முதன்முறையாக நானே குறுக்கு விசாரணை செய்தேன். கை வெந்துபோன ஒரு சிறுமியின் வழக்கு. கொள்ளேகாலில் அவள் வேலை செய்த பட்டுநூல் பட்டறையின் முதலாளி, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்ததே இல்லை என்று சாதித்தார். என்னை அடையாளம் கண்டுகொள்வாரோ என்று பயந்தேன்.

"கொதிக்கிற தொட்டியில் பட்டுக்கூட்டை யார் கிளறுவார்கள்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "ஏம்புள்ள, உனக்குத் தெரியாதா? எட்டு வயசுல எங்கிட்டக் கிளறினவதானே நீ! கோட்டு போட்டா மறந்துருமாக்கும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலை குனியவில்லை. அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்யும்படி ஜட்ஜிடம் கன்னடத்தில் கேட்டேன். அப்போதுதான் முதலாளியின் சிரிப்பு நின்றது.

வெளியே சீனியர், "முன்னாடியே ஏம்மா சொல்லல?" என்றார்.

"வெட்கமா இருந்தது சார்."

இன்னும் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கும் நானேதான் நிற்பேன்.