ஆறாவது நிமிடத்தில் நிற்கும் காற்று

நாள் 61, காலை 08:10
சந்திரன், தென்துருவச் சுரங்க நிலையம். எழுதுவது பொறியாளர் இசக்கியம்மாள். நிலையத்தில் இப்போது நான் மட்டும்; பூமியிலிருந்து மீட்புக் கலம் வந்துகொண்டிருக்கிறது. முந்தாநாள் பாறை இடிந்து, என்னோடு இங்கே வேலை செய்த தங்கப்பழம் செத்துப்போனார். விரிசல் இருக்கிறது என்று அவர் சொல்லியும், துளைக்கச் சொன்னது மேலே சுற்றும் கப்பலின் கேப்டன் வேதநாயகம். இதைப் பூமிக்கு எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன்.
இன்று நிலையக் கணினி படுத்துவிட்டது. காற்று இயந்திரம், ரேடியோ இரண்டும் அதில்தான். என் மடிக்கணினியில் இமேஜ், அதாவது கணினி அமைப்பின் முழு நகல், கட்டும் கருவியை ஓட்டி, நிலையக் கணினியை எழுப்ப லினக்ஸ் பூட் டிஸ்க் தயார் செய்தேன். நாற்பது நிமிடம். பூட் ஆனது. காற்று வந்தது.

09:05
ஆறாவது நிமிடத்தில் காற்று நின்றது. மறுபடி கட்டினேன். மறுபடி ஆறாவது நிமிடம்.
கப்பலிலிருந்து வேதநாயகம்: "நீ எதையும் நோண்டாதம்மா. கருவி சரியாத்தான் கட்டும்."

10:20
இமேஜில் என்னென்ன இருக்கவேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் பட்டியல் ஒவ்வொரு முறையும் கப்பலிலிருந்து இறங்குகிறது. திறந்து பார்த்தேன். கடைசி வரி: 360 விநாடிக்குப் பின் காற்று இயந்திரத்தை நிறுத்து. எழுதியவர் பெயர் வேதநாயகம்.
ரேடியோவில் அவரையே கேட்டேன்.
கப்பல்: "கண்டுபிடிச்சிட்டியா. சரி. அடுத்து நான் நேரா ஏத்துற இமேஜ் டிஸ்கையே அழிச்சிடும். கணினி திரும்ப எழும்பாது."
அது வந்து ஏறாதபடி ஆன்டெனா கம்பியைப் பிடுங்கினேன்.

13:45
பட்டியலைக் கையால் எழுதினேன். இரண்டு முறை பூட் ஆகவில்லை. ஒரு எழுத்து தப்பு. மூன்றாவது எழுந்தது. ஆறு நிமிடம் தாண்டியது. பத்து. இருபது. அழுதேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

15:30
கப்பல் தலைக்கு மேல் வரும்போது விண்வெளி உடுப்பின் ரேடியோவில் அதன் பேச்சு கேட்கும். பதில் பேச அதற்குச் சக்தி இல்லை.
கப்பல், பூமிக்கு: "ரெண்டு பேரும் போயிட்டாங்க. மீட்புக் கலத்தைத் திருப்பிடுங்க."
பூமி, கப்பல் வழியாக: "திருப்பியாச்சு."

நாள் 62, 09:00
காற்று இருக்கிறது. சாப்பாடு பதினோரு நாளுக்கு. யாரும் வரமாட்டார்கள்.
கம்பியைச் செருகினால் அவருடைய இமேஜ் ஏற மூன்று நிமிடம். எல்லாவற்றையும் பூமிக்கு அனுப்ப நாலு நிமிடம். முதலில் தங்கப்பழத்தின் விரிசல் படங்கள், பிறகு அந்த ஒரு வரி, கடைசியில் இந்தக் குறிப்பு.
கலம் திரும்பி வர இரண்டு நாள். இயந்திரம் நின்றால் அறைக் காற்று பத்து மணி நேரம்.

09:06
செருகிவிட்டேன்.
கப்பல்: "இசக்கி, கம்பிய எடு. பேசிக்கலாம்."
படங்கள் போய்விட்டன. வரி போய்விட்டது. திரையில் அழிப்பு 70 சதவீதம். பூமியில் யார் வாங்கினாலும் வேதநாயகத்திடம் காட்டாதீர்கள், நேராக தங்கப்பழத்தின் மனைவி சூசைமேரியிடம் சொல்லுங்கள், அவர் எச்சரித்தார், அவர் எச்சரித்த பிற