மாடிப்படி அடியில் கறுப்பு டப்பா

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மாடிச் சாவி கதவிலேயே தொங்குகிறது.

கொசு வந்து முட்டையிடட்டும் என்று மாடிப்படி அடியில் ஒரு கறுப்பு டப்பாவில் தண்ணீர் வைத்தேனே, முட்டை பொரிக்கும் முன் அதை வாராவாரம் கொட்ட வேண்டும். தெரு முழுக்கச் சொல்லித் திரிந்த நானே மறந்துவிட்டேன். இன்று காலையில் பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது.

ஐந்து வீட்டில் புழு இருந்தால் தெருவுக்கே மருந்து அடிப்பது என்று கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறோம். இதுவரை நாலு வீடு. சோதிக்கப் பாக்கி நம் வீடு மட்டும்தான். பதினோரு மணிக்கு எதிர்வீட்டு டீச்சரம்மா சோதிக்க வருவார். போன வாரம் அவர் பூத்தொட்டியில் புழு என்று நோட்டில் எழுதிவிட்டு, "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்று வேறு பேசினேன்.

கொட்டிவிடலாம் என்று டப்பாவைத் தூக்கினேன். எதிர் ஜன்னலில் டீச்சரம்மா நின்றிருந்தார். அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

நாளைக் காலையில் மருந்து அடிப்பார்கள். இன்று இருட்டியதும், தேனீ எல்லாம் அடைந்த பிறகு, மாடியில் உன் தேனீப் பெட்டியின் வாயை வலையால் அடைத்து ஈரச் சாக்கைப் போர்த்திவிடு; மருந்து பட்டால் ஒன்றும் மிஞ்சாது.

"வீட்டைப் பாக்க நேரமில்ல, தெருவைச் சுத்த மட்டும் நேரம் இருக்கா?" என்று நேற்றுக் கேட்டாய். மருந்து அடிக்கும் நிலை வரக்கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கியது உன் பெட்டிக்காகத்தான். அதை நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

பி.கு: டப்பாவை நீ கொட்டாதே. ஐந்தாவதாக நம் வீட்டை நோட்டில் நானே எழுதிவிட்டேன். அவர் ஜன்னலில் நிற்காவிட்டால் எழுதியிருப்பேனா என்று மட்டும் கேட்காதே.