கடுகோடு வந்த விதை

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

நலம் என்று ஒரே வார்த்தையில் தொடங்கிவிடலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. போன வாரம் போனில் அத்தை தூங்குகிறார் என்று சொன்னேனே, அது பொய். உன் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி, நாளை நீ வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பும் பட்டறை நண்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நாம் கடுகு போடும் துண்டு நிலத்தில், வருஷா வருஷம் நீ கையில் கந்தலைச் சுற்றிக்கொண்டு பிரம்மதண்டு முள்செடியைப் பூக்கும் முன்பே பிடுங்கிப் போடுவாய். செடியோடுகூடச் சண்டை போடுகிறவள் என்று நான் கிண்டல் செய்வேன். இந்த வருஷம் நீ இல்லை. பட்டறையில் வேலை நெருக்கடி என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் முள்ளுக்குப் பயந்த சோம்பேறித்தனம். அத்தையும், "இருக்கட்டும் மாப்பிள்ளை, ஒடிச்சா வர்ற மஞ்சப் பால் என் கால் அரிப்புக்கு நல்லா கேக்குது" என்றார். எனக்கு அது போதும். பூவும் கொள்ளை அழகு. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். "முதல்ல பிடுங்குங்க" என்று பதில் போட்டாய். படித்துவிட்டுச் சிரித்தேன்.

கடுகை அறுத்தபோது அதுவும் சேர்ந்து வந்தது. அதன் விதை அச்சு அசல் கடுகு மாதிரியே இருக்கிறது. நீ என்றால் தட்டில் பரப்பி, விரலால் தடவி, சொரசொரப்பானதைப் பொறுக்கி எறிந்திருப்பாய். நான் சல்லடையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எண்ணெய் ஆட்டக் கொடுத்தேன். ஒரே அளவு விதையைச் சல்லடை எப்படிப் பிரிக்கும்? இதை இப்போது கேட்கிறேன்.

மூன்று வாரம் எங்கள் இருவருக்கும் அந்த எண்ணெயில்தான் சமையல். முதலில் அத்தைக்குச் செருப்பு நுழையவில்லை. "வயசாச்சுல்ல, கால் வீங்கத்தான் செய்யும்" என்றார். பிறகு ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், குழி அப்படியே நின்றது. என்ன எண்ணெய் என்று கேட்டார். பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சோதித்துவிட்டு, பிரம்மதண்டு விதை கலந்திருக்கிறது, இதயம் வரைக்கும் போய்விட்டது என்றார். மிச்ச எண்ணெயைக் குழி தோண்டிக் கொட்டினேன்.

இப்போது மூன்று தலையணையில் சாய்ந்தபடிதான் மூச்சு விடுகிறார். நீ அங்கே யாரோ ஒருவருடைய அம்மாவைக் குளிப்பாட்டி, வேளை தவறாமல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறாய். உன் அம்மாவை என்னை நம்பி விட்டுப் போனாய். நான் விஷத்தை ஊற்றிச் சமைத்துப் போட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அத்தை ஒருமுறைகூடத் திட்டவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. "அவகிட்ட சொல்லிடாதீங்க, வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்கிறார். சொல்லிவிட்டு வாசலையே பார்க்கிறார்.

ஓடி வந்துவிடு. அந்த வீட்டுக்காரர்கள் விடமாட்டோம் என்றால் உன் சண்டையை அவர்களிடம் காட்டு.

பெட்டி பெட்டியாகச் சுமந்து வராதே. ஒன்றே ஒன்று மட்டும். எனக்கு ஒரு ஜோடி செருப்பு, எப்போதும் வாங்குவதைவிட இரண்டு அளவு பெரியதாக.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளும்,
உன் சோம்பேறி