வாயில் வராத பெயர்

5-1-26, திங்கள்
திண்டிவனத்திலிருந்து பார்சல் வேன் ஏழு மணிக்கு மரக்காணம் பாலத்தடிக்கு வந்தது. பத்தொன்பது பார்சல். என் படகில் ஏற்றிக் கால்வாய் வழியாக நான்கு குப்பங்களுக்கும் ஒன்பதரைக்குள் கொடுத்துவிட்டேன். வேனாக இருந்தால் மதியம் வரை சந்து சந்தாகச் சுற்றும். ஒவ்வொரு பெயரையும் நானே படித்தேன். பச்சைமுத்து என்கிற நான், வயது அறுபத்தெட்டு, படித்தேன். எழுத்து வகுப்பில் கற்றதை வைத்து இதை எழுத அரை மணி ஆகிறது. ஆகட்டும்.

6-1-26
பார்சல் கம்பெனி அதிகாரி பிரேம்குமார் படகில் வந்தார். ஒரு மாதம் சோதனையாம். "மூணு பார்சல் திரும்பி வந்தா படகு கட், பெரியவரே. வாங்க வர்றவங்க லேபிள்ல இருக்கிற பேரைச் சொல்லணும். அப்பதான் குடுக்கணும்."
ஒன்றுகூடத் திரும்பாது என்றேன்.

8-1-26
திரும்பிவிட்டது.
லேபிளில் கோதண்டபாணி. அவன் கடலில். துறையில் நின்றது அவன் மனைவி இளவரசி. பேரைச் சொல்லும்மா என்றேன். புருஷன் பேரை எப்படிச் சொல்வாள்?
"ராமரு கையில இன்னா இருக்கு மாமா? அதைப் புடிச்சிக்கினு இருக்கிறவரு."
"வில்லுன்னு லேபிள்ல இல்லியே."
எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழுதாள். உள்ளே இருந்தது மகளின் மூக்குக்கண்ணாடி. யார் வீட்டுப் பார்சல் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறதே – திருப்பி அனுப்பினேன். தப்போ?

9-1-26
இன்றும் ஒன்று. தேவநாதன் பார்சல். "திருவந்திபுரத்துல இருக்கிற சாமி பேருங்க" என்று அவன் மனைவி கையைக் கூப்பினாள். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. ஆக இரண்டு.
வீட்டில் பவுனு பிடித்துக்கொண்டாள். "நாப்பத்தஞ்சு வருஷம் உன்னோட குடும்பம் நடத்துறேன். உன் பேரு என் வாயில வந்துக்குதா? ஊரு பொம்பளைங்களைச் சொல்லச் சொல்றியே."

10-1-26
இன்று எழுத்து வகுப்பில் குடும்பத்தார் பெயர்களை எழுதச் சொன்னார்கள். பதினொரு பெண்கள், ஆணில் நான் ஒருவன். எட்டிப் பார்த்தேன். இளவரசி சிலேட்டில் கோதண்டபாணி, ஒரு பிழை இல்லை.
"இது மட்டும் எப்படிம்மா?"
"சொன்னாதான் மாமா ஆயுசு குறையும். எழுதினா இன்னா?"
அங்கிருந்தே பிரேம்குமாருக்குப் போன் போட்டேன். "பேரை எழுதிக் காட்டினா குடுக்கலாமா சார்?"
"சொல்றதைவிட அது நல்ல ஆதாரம், பெரியவரே. திரும்பின ரெண்டையும் அனுப்பறேன்."

12-1-26
படகில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டிவிட்டேன். இளவரசி எழுதினாள், வாங்கினாள். மகள் கண்ணாடியை அங்கேயே மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தாத்தா, உன் காதுல எவ்ளோ முடி."

13-1-26
எழுதத் தெரியாத நாலு பேர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தார்கள். அதில் பவுனு ஒருத்தி. என்னோடு பேசாமல் போய்க் கடைசியில் உட்கார்ந்தாள்.

5-2-26
மாதம் முடிந்தது. மூன்றாவது திரும்பவில்லை. திங்கள் முதல் இரண்டாவது படகும் விடுகிறார்கள்.
இன்று என் பெயருக்கே ஒரு பார்சல். விழுப்புரத்திலிருந்து மகள் அனுப்பிய சட்டை. துறைக்குப் பவுனு வந்திருந்தாள். நான் வேலையில் இருக்கிறேன், வீட்டு ஆள் எழுதித்தான் வாங்க வேண்டும் என்றேன். முறைத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் எழுதினாள்.
பசைமுத்து.
நடுவில் ஒரு ச் இல்லை. சரியாக இருக்கிறது என்று சொல்லி, பார்சலைக் கொடுத்துவிட்டேன்.