ஒன்றை நாலாக்கிய கோடு

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் தங்கச்சியின் கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த டிரான்ஸ்போமரின் தகட்டில் 1000 என்றிருந்ததை 4000 ஆக்கியது நான்தான். என் அக்கா, ராத்தாவின் நகப்பூச்சுத் தூரிகை, கறுப்புப் பெயின்ற், இரண்டே கோடு. இன்று காலை கடையில் ஒரு மோட்டர் புகைந்தது. அந்த வார்னிஷ் மணம் மூக்கில் ஏறியதும் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாம் இருவரும் கல்முனையில் ஒரே கடையில் பிரிட்ஜ், ஏசி திருத்திய காலம் அது. நிந்தவூர் மாப்பிள்ளை சவூதியிலிருந்து கொண்டுவந்த ஏசி நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடுவது. நம்மூர்க் கரண்டைக் குறைத்துக் கொடுக்க டிரான்ஸ்போமர் வேண்டும். "ஓடுறதுக்கு ஆயிரம் வாட் காணும். ஆனா கம்ப்ரஸர் எழும்பக்குள்ள நாலு மடங்கு இழுக்கும். நாலாயிரம் இல்லாம ஊருக்கு வராத" என்று என்னைக் கொழும்புக்கு அனுப்பினாய். நான் இரண்டு படம் பார்த்தேன். பிறகு திறந்திருந்த கடையில் ஆயிரம்தான் கிடைத்தது.

கல்யாணத்தன்று நான் வாசலில் நின்று "நாலாயிரம்! கொழும்பையே புரட்டி எடுத்த சாமான்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அளந்துகொண்டிருந்தேன். நீ அதைப் பொருத்திவிட்டுத் தங்கச்சியிடம், "ஏசில காத்தாடிய மட்டும் போடு. குளிர்ப் பக்கம் திருப்பாத" என்றாய்.

"என்ன மச்சான், குளிரையும் பூட்டி வைக்கப் போறியா?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் குளிர்ப் பக்கம் திருப்பினார். பல்ப் மங்கியது. கம்ப்ரஸர் முக்கியது, நின்றது, மறுபடி முக்கியது. பிறகு புகை.

"இது மாப்பிள்ளைட அறையா, குசினி அடுப்பா? ஆருடா இதப் பொருத்தின?" என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார்.

"நான்தான் மாமா. என்ட கணக்குப் பிழைச்சிட்டு" என்றாய். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு உன்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கணக்குப் பிழைச்சவன் என்று பட்டம் வேறு. சவூதிக்குப் போனாய். உன் ஜனாஸாவும் அங்கேயே அடக்கமாகிவிட்டது; செய்தி மட்டும் வந்தது.

இன்றும் எந்த மெஷினைப் பார்த்தாலும் நாலு மடங்கு என்று வாய் முணுமுணுக்கிறது. பல்ப் ஒரு கணம் மங்கினால் வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன்.

இத்தனை வருஷமும் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று லொறியிலிருந்து ஒரு நாலாயிரம் வாட் டிரான்ஸ்போமரை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. அன்று நீ வாசலிலிருந்து அறைவரை அதை ஒற்றைக் கையில் தூக்கிப் போனாய். மற்றக் கையில் சர்பத் கிளாஸ் இருந்தது.